புதையல் தீவில் வீடு வாங்கலாமா?

சென்ற தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களை அடுக்கிக் கொண்டிருந்தேன். அப்போது நமக்கெல்லாம் பழக்கமான குடும்பத்து இளைஞர் ஒருவர் மனைவியுடன் என்னைத் தேடி வந்தார. அவருடைய தகப்பனாரும் நானும் ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில் என்னை மாமா என்று கூப்பிடுவார். கையில் வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு புத்தகம். கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் வரப் போகிற ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பின் விளம்பரம் அது. (கொல்கத்தா என்று பெயர் மாறியது 2001-ல். என் நாக்குக்கு இன்னும் வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.)

குடியிருப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கடற்கொள்ளைக்காரர் கதைகளில் வருகிற மாதிரி ஒரு தீவின் பெயர் என்பது போதும். முகப்பில் பாய்மரக் கப்பல். குழந்தைகள் பூங்காவில் புதையல் பெட்டி. நீச்சல் குளம், நடை பயில வட்டப் பாதை, மாடியில் யோகா மண்டபம்.

"மாமா, நீங்க சிவில்ல இருந்தவர். பிளானைப் பாத்து நல்லா இருக்கான்னு சொல்லுங்க. ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார்.

பிளான் நன்றாகத்தான் இருந்தது. சமையலறையில் வெளிச்சம் வரும்; படுக்கை அறையில் மேற்கு வெயில் விழாது. நாற்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இந்த இடம் இதுக்கு முன்னால என்னவா இருந்தது?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்திருப்பாங்க மாமா" என்றார் அவர். "பேரு நல்லா இருக்கில்ல? பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் அவ்வளவு நன்றாக இருப்பதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. ஏனென்றால் உலகத்திலேயே புகழ் பெற்ற கொள்ளைக்காரர் தீவின் பெயரை ஒருமுறை நிஜமான நிலத்துக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நடந்ததை நான் என் வேலைக் காலத்திலேயே பாடமாகப் படித்திருக்கிறேன். அந்தத் தம்பதிக்கு அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப் போனதையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இதே மாதிரி விளம்பரப் புத்தகங்களைக் கையில் வைத்துக் கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்டீவன்சன் எழுதிய 'டிரெஷர் ஐலண்ட்' எங்கள் பள்ளியில் 'நான்-டீடெயில்' பாடமாக இருந்தது. புதையல் தீவு என்று தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள். ஒற்றைக்கால் சில்வர், தோளில் கிளி, ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து கொள்ளும் பையன், இதெல்லாம் யாருக்கும் மறக்காது. மறந்து போவது அந்தத் தீவின் மண். கப்பல் நங்கூரம் பாய்ச்சிய இடத்தில் சேற்று நாற்றம் அடிக்கிறது. இலையும் மரமும் தண்ணீரில் அழுகுகிற நாற்றம். மற்றவர்கள் எல்லாரும் வரைபடத்தையும் புதையலையும் நினைத்துக் கொண்டிருக்கும்போது, டாக்டர் லிவ்சி ஒருவர் மட்டும் மூக்கைச் சுளித்து, புதையல் இருக்கிறதோ இல்லையோ, இங்கே காய்ச்சல் இருப்பது நிச்சயம் என்கிறார். அப்படியே ஆகிறது. கொள்ளைக்காரர்கள் சதுப்பில் முகாம் போட்டுக் காய்ச்சலில் விழுகிறார்கள். பிறகு சமாதானக் கொடியோடு போய் அவர்களுக்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர், சேற்றில் போய்ப் படுத்தீர்களே என்று திட்டவும் செய்கிறார்.

கதை எழுதப்பட்டது 1881-ல். காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் டாக்டர்கள் அப்போது நம்பினார்கள். லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் மலேரியாக் கிருமியை இரத்தத்தில் கண்டது 1880-ல்தான். அதைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் நம் தேசத்தில், 1897-ல் செகந்திராபாத்திலும் 1898-ல் இதே கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவினார். பி.ஜி. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறவர்கள் அவர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருக்கலாம். ஆக டாக்டர் லிவ்சி சொன்ன காரணம் தப்பு. சொன்ன யோசனை சரி. காரணம் தெரியாவிட்டாலும் நிலத்தை மோந்து பார்த்து முடிவு சொல்கிறவரை நான் எங்கள் துறையிலும் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கதையின் இன்னொரு திருப்பமும் கவனிக்கத் தக்கது. ஒரு கட்டத்தில் டாக்டர் அந்த அருமையான வரைபடத்தைக் கொள்ளைக்காரர்களிடம் தாராளமாகக் கொடுத்து விடுகிறார். அவர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படத்தில் குறித்த இடத்துக்குப் போனால் குழி காலி. தீவில் தனியாக விடப்பட்டிருந்த பென் கன் என்பவன் எப்போதோ அதைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றி விட்டான். படம் பிழையில்லாத படம்தான். ஆனால் அது நேற்றைய நிலத்தின் படம். விளம்பரப் புத்தகங்கள் இதற்கு நேர்மாறு. அவை நாளைய நிலத்தின் படங்கள். இன்றைய நிலத்தை இரண்டுமே காட்டுவதில்லை.

இந்தக் கதை உண்டானதே ஒரு படத்திலிருந்துதான். ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மனைவியின் மகனான சிறுவனுடன் சேர்ந்து ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை வளர்ந்தது. ஆனால் புத்தகம் அச்சுக்குப் போனபோது அந்தப் படம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேராமல் தொலைந்து விட்டது. கதையில் சொன்ன தூரங்களையும் திசைகளையும் வைத்துக் கொண்டு, காம்பஸும் கையுமாக இன்னொரு படம் போட வேண்டியதாயிற்று. அதைத் தம் தகப்பனார் ஆபீசில் வைத்துப் போட்டார்கள். எந்த ஆபீஸ் தெரியுமா? கலங்கரை விளக்கம் கட்டும் இன்ஜினியர் ஆபீஸ்! ஸ்டீவன்சனின் பாட்டனார் ராபர்ட் ஸ்டீவன்சன் கடலுக்கு நடுவே அலை மூடுகிற பாறையின் மேல் பெல் ராக் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவர். தகப்பனார் தாமஸும் அதே தொழில். நம் கதாசிரியரும் எடின்பரோவில் முதலில் இன்ஜினியரிங்தான் படித்தார். கலங்கரை விளக்கின் ஒளியைப் பற்றிக் கட்டுரை எழுதி 1871-ல் வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். பிறகுதான் சட்டத்துக்குத் தாவி, அதையும் விட்டுக் கதைக்குப் போனார். எங்கள் ஜாதி இழந்த ஆள் என்று எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. சதுப்பை மறக்காமல் கதைக்குள் வைத்தது அந்தக் குடும்ப ரத்தம்தான் என்று நான் நினைத்துக் கொள்வேன்.

இனி நிஜத் தீவு. ஸ்டீவன்சன் 1880-ல் கல்யாணம் செய்து கொண்ட ஊர் சான் பிரான்சிஸ்கோ. கதைத் தீவின் காட்சிகளில் ஒரு பகுதி கலிபோர்னியாவைப் பார்த்து எழுதியது என்று அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அந்த ஊரின் விரிகுடா நடுவில் யெர்பா புவெனா என்று ஒரு பாறைத் தீவு உண்டு. நல்ல மூலிகை என்று ஸ்பானிய மொழியில் அர்த்தம். அங்கே புதினா வகைச் செடி ஒன்று மண்டிக் கிடந்ததாம். அதையொட்டி வடக்கே ஆழமில்லாத மணல் திட்டு. கப்பல்களுக்குத் தொல்லை. 1936, 37-ல் அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் அந்தத் திட்டைச் சுற்றிக் கருங்கல்லைக் கொட்டிக் கரை கட்டி, விரிகுடாவின் அடியிலிருந்து மணலையும் சேற்றையும் டிரெட்ஜர் கப்பல்களால் வாரி உள்ளே நிரப்பினார்கள். சுமார் 400 ஏக்கரில் ஒரு புதுத் தீவு எழும்பிற்று. கோல்டன் கேட் பாலமும் பே பாலமும் கட்டி முடித்ததைக் கொண்டாட, 1939-லும் 40-லும் அங்கே பெரிய கண்காட்சி நடந்தது. கண்காட்சிக்குப் பிறகு விமான நிலையம் ஆக்குவதாக யோசனை. யுத்தம் வந்து கடற்படை எடுத்துக் கொண்டது.

அந்தத் தீவுக்கு வைத்த பெயர் 'டிரெஷர் ஐலண்ட்'. பெயருக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று ஸ்டீவன்சன் நாவல். மற்றது, கலிபோர்னியா மலைகளில் தங்கம் தேடி அரித்த மண் ஆற்றோடு வந்து விரிகுடாவில் படிந்திருப்பதால், நிரப்பிய சேற்றில் தங்கத் துகள் இருக்கும் என்பது. எதுவாக இருந்தாலும் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. சேற்றுத் திட்டு என்று பெயர் வைத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

1989 அக்டோபர் 17 மாலை கலிபோர்னியாவில் பெரிய பூகம்பம் வந்தது. மையம் இந்தத் தீவிலிருந்து தெற்கே வெகு தூரத்தில், மலைப் பகுதியில். பாறைத் தீவான யெர்பா புவெனாவிலும், நிரப்பிய தீவான டிரெஷர் ஐலண்டிலும் அதிர்வை அளக்கும் கருவிகள் இருந்தன. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். பாறையில் இருந்த கருவி, புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.06 பங்கு அதிர்வைக் காட்டியது. நிரப்பிய மண்ணில் இருந்தது 0.16 காட்டியது. ஒரே பூகம்பம், ஏறக்குறைய ஒரே தூரம்; அடி மண் வேறு என்பதால் இரண்டு மடங்குக்கும் மேல் குலுங்கியிருக்கிறது! பூகம்பப் பொறியியல் படிக்கிறவர்களுக்கு இந்த ஜோடித் தீவுகள் இன்று அரிச்சுவடி. நான் இதை முதலில் கேட்டது ஒரு பயிற்சி வகுப்பில். அன்றிலிருந்து எந்த இடத்தைப் பார்த்தாலும் இது பாறையா, நிரப்பியதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

குலுக்கலோடு போகவில்லை. தீவில் பல இடங்களில் பூமிக்குள்ளிருந்து மணலும் நீரும் கொப்பளித்து வந்தன. தரை இறங்கிற்று, கரை ஓரம் கடல் பக்கமாக நகர்ந்தது, நிலத்தடிக் குழாய்கள் உடைந்தன. இது ஏன் என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. படியில் அரிசி அளக்கும்போது இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி இறங்கி இடம் உண்டாகிறதல்லவா? கெட்டிக்காமல் கொட்டிய மணலும் அப்படித்தான், குலுக்கினால் நெருங்கப் பார்க்கும். ஆனால் இடைவெளி முழுவதும் தண்ணீர் நிற்கிறது. அது வெளியேற நேரம் வேண்டும்; பூகம்பம் நேரம் கொடுக்காது. சிக்கிய தண்ணீரின் அழுத்தம் ஏறி, மணல் மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு விடுகின்றன. அந்தச் சில நிமிஷங்களுக்குத் தரை தரையல்ல, கஞ்சி. நம் தேசத்திலும் இது நடந்திருக்கிறது. 1934 பீகார் பூகம்பத்தில் வயல்களெங்கும் மணல் ஊற்றுகள் பீறிட்டன. ஒரு பெரிய வட்டாரத்தில் வீடுகள் இடிந்து விழாமல் அப்படியே மண்ணுக்குள் இறங்கிச் சாய்ந்தன. 1897 அஸ்ஸாம் பூகம்பத்தில் கல்கத்தாக் கட்டடங்களும் சேதப்பட்டன.

பூகம்பமே வராவிட்டாலும் நிரப்பிய நிலம் சும்மா இருக்காது. மேலே கொட்டிய பாரம் அடியில் உள்ள களிமண்ணைப் பிழிகிறது. ஈரத் துணியின் மேல் அம்மிக் கல்லை வைத்த மாதிரி, தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறித் தரை இறங்கும். வருஷக் கணக்கில் இறங்கும். செயற்கைக் கோள் அளவுகளைக் கொண்டு 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், அந்த விரிகுடாக் கரையின் பெரும்பகுதி ஆண்டுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்க, டிரெஷர் ஐலண்ட் போன்ற நிரப்பிய இடங்கள் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதாகத் தெரிந்தது. கட்டி எண்பது வருஷமாகியும்! கடல் மட்டம் வேறு ஏறிக் கொண்டிருக்கிறது.

அந்தத் தீவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கடற்படை 1950களில் அங்கே கதிர்வீச்சு அழுக்கைக் கழுவும் பயிற்சிக்காக ஒரு போலிக் கப்பலைத் தரையிலேயே கட்டி வைத்திருந்தது. 1997-ல் தளத்தை மூடினார்கள். பிறகு கடற்படைக் குடியிருப்புகளில் பொது மக்கள் வாடகைக்கு வந்தார்கள். அதன் பின்னர் ரேடியம் கலந்த பொருள்கள் குடியிருப்புப் பகுதி மண்ணிலேயே கிடைக்க, மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தும் வேலை வருஷக் கணக்கில் நீண்டது. நிலத்தின் பூர்வ கதையைச் சொல்லாமல் விட்டதன் பலன் இது.

ஒன்றை நியாயமாகச் சொல்லி விட வேண்டும். மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நான் படித்த டிப்ளமாவுக்கு அவமானம். இப்போது அதே தீவில் சுமார் 8,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டு, முதல் கட்டடங்களில் மக்கள் குடியேறியும் விட்டார்கள். ஆனால் எப்படி? கனமான அதிர்வுக் குழாய்களை இறக்கி மணலைக் கெட்டிப்படுத்தினார்கள். களிமண்ணுக்குள் திரி போல வடிகால்களைச் செருகி, மேலே தற்காலிகமாக மண் மேடு குவித்து, பிழிய வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே பிழிந்தார்கள். தரையை உயர்த்தினார்கள். இதற்கெல்லாம் காசும் காலமும் ஆகும். அதைச் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் இது சேறு என்று வாய் திறந்து ஒப்புக் கொள்ள வேண்டும். கதைப் பெயர் அந்த வாயை அடைத்து விடுகிறது என்பதுதான் என் குறை.

நான் வேலை பார்த்த ஒரு பிரிவில், ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் லைன் இறங்கும். ஜல்லி போட்டுத் தூக்கிக் 'பேக்கிங்' செய்வோம். அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும். 'காஷன் ஆர்டர்' கொடுத்து வண்டிகளை மெதுவாக விடுவோம். டிராயிங்கில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வருஷம் எங்கள் கேங் மேட், ஒரிசாக்காரப் பெரியவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாபு, கீழே குளம் இருக்கிறது. நீங்கள் போடுகிற ஜல்லியெல்லாம் அதற்குத்தான் போகிறது." எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பக்கத்துக் கிராமத்தின் பெயரிலேயே குளம் என்ற சொல் இருந்தது! தினம் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் டிராலியில் போய் வந்து கொண்டிருந்தேன். எனக்கு ஒரியா தெரியாது; அதனால் அது வெறும் பெயர். அவருக்கு அது ஒரு எச்சரிக்கை.

நம் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியம். சொந்த ஊரில் என்றால் ஏந்தல், தாங்கல், ஊருணி, ஏரி என்று ஒரு பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தண்ணீர் ஞாபகம் வரும். (வந்தும் பிரயோசனம் இல்லாமல் போவதும் உண்டு. சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்தான் இல்லை.) இங்கே பிழைக்க வந்த நமக்கு புகுர் என்றால் குளம், டோபா என்றால் குட்டை, ஜலா என்றால் சதுப்பு, பேரி என்றால் மீன் வளர்க்கும் ஏரி, டாங்கா என்றால் மேட்டு நிலம் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் பழகுகிறது. நார்கேல்டாங்கா என்று பெயர் வைத்தவன் ஒரு நூலளவு உண்மையாவது சொல்லி விட்டுப் போயிருக்கிறான். அந்தப் பழைய பெயரை அழித்து மேல் நாட்டுத் தீவின் பெயரை எழுதினால், மற்றவர்களுக்குப் பாதி மறைகிறது, வெளியூர்க்காரனுக்கு முழுவதும் மறைகிறது.

பெயரை மறைக்காமலும் ஊர் கட்டலாம் என்பதற்கு நம் நகரமே சாட்சி. டாக்டர் பி.சி. ராய் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் திட்டமிட்டு, 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே பம்பு செய்து உப்புச் சதுப்பை நிரப்பிக் கட்டிய ஊர் விதான் நகர். கடலில் டிரெஷர் ஐலண்ட் கட்டிய அதே வித்தைதான். ஆனால் அரசாங்கம் என்ன பெயர் வைத்தாலும் ஜனங்கள் இன்றும் சால்ட் லேக் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே வீடு கட்டுகிற மேஸ்திரிக்குக் கூட அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். இன்னும் நல்ல உதாரணம் நம்மவர்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற லேக் மார்க்கெட் வட்டாரம். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அங்கிருந்த சதுப்புக் காட்டை எடுத்து, ஒரு பக்கம் ஏரியாகத் தோண்டி, மற்றப் பக்கத்தை மேடாக்கி வீட்டுக்கு விட்டது. தண்ணீருக்கு ஓரிடம், மனிதனுக்கு ஓரிடம். காலையில் ரவீந்திர சரோவரைச் சுற்றி நடக்கிற நம் அன்பர்கள், அந்தத் தண்ணீர் அங்கே இருப்பதால்தான் தங்கள் வீட்டுத் தரை உலர்ந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா?

கிழக்கே மிச்சமிருக்கிற 12,500 ஹெக்டேர் ஈர நிலம் 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தின் சாக்கடை நீர் அங்கே பேரிகளில் வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகி மீனாகவும் காய்கறியாகவும் திரும்பி வருகிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசாங்க இன்ஜினியர், 2018-ல் காலமானார். இவ்வளவு மலிவான சுத்திகரிப்பு நிலையத்தை எந்த இன்ஜினியராலும் கட்ட முடியாது. அதைக் காக்க 2006-ல் தனிச் சட்டமே இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மண் விழுவதும் நிற்கவில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பர்ச்சாவைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நிலம் பாஸ்துவா, ஷாலியா, புகுரா, டோபாவா என்று அதில் வகை போட்டிருக்கும். புதிய எல்.ஆர். பதிவு மட்டும் போதாது, பழைய ஆர்.எஸ். பதிவையும் வாங்கி ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குளம் காணாமல் போயிருந்தால் அதுதான் செய்தி. கம்பெனியிடம் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். போர் எவ்வளவு ஆழம் போட்டார்கள், பைல் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று நம்மவர்கள் கூசுவது எனக்குத் தெரியும். ஆயுள் முழுவதும் சேர்த்த பிராவிடண்ட் பண்டை எண்ணிக் கொடுக்கும்போது கூசாத நாம், ஒரு கேள்வி கேட்கக் கூசுகிறோம். வங்காளிகள் கேட்கிறார்கள். மார்வாடிகள் கேட்டு விட்டு விலையும் குறைக்கச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட அந்த இளைஞருக்கு முகம் சுருங்கி விட்டது. "நீங்க பழைய காலத்து ஆள் மாமா. இப்ப டெக்னாலஜி எவ்வளவோ வந்தாச்சு" என்றார். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. செலவழித்தார்களா என்பதுதான் கேள்வி என்றேன். அவர் மனைவிதான், "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.

பிரதான சாலையிலிருந்து இறங்கியதும் கட்டட இடிபாடும் சாம்பலும் கொட்டிய மேடு. அதற்கு நடுவில் கப்பல் படம் போட்ட பெரிய பலகை. வேலிக்கு அப்பால் ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் தெரிந்தது. ஓரமாக ஒரு டீக்கடை. அந்தப் பெண் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. கடையிலிருந்த கிழவரிடம் பேச்சுக் கொடுத்தாள். தம் சின்ன வயதில் பலகை நிற்கிற இடத்துக்கு டோங்காவில்தான் போக முடியும் என்றார் அவர். பனை மரத்தைக் குடைந்து செய்வார்களே, அந்தப் படகு. மாகுர் மீன் கையாலேயே பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார். "அப்போ இந்த இடத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள். சொன்னார். ஜலா என்று முடிகிற பெயர். நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

இரண்டு பர்ச்சாவுக்கும் மனுப் போட்டிருக்கிறார்கள். இதை எழுதும் வரை நகல் கைக்கு வரவில்லை. அட்வான்ஸ் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று நேற்று அவர் எனக்குப் போனில் வாசித்துக் காட்டினார்.